ஆராய்ச்சியும் ஆராய்வோன் ஒழுக்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஆராய்ச்சியும் ஆராய்வோன் ஒழுக்கமும் என்பதாகும். இதனைக் கேட்டவுடன், "இது பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தமக்குள்ளே பேசிக்கொள்ளவேண்டிய விடயமன்றோ? ஒரு வாலிபர் சங்கத்துக்கு இதனால் ஆவதென்ன?" என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது. முன்னாளிலே ஆராய்ச்சி என்பது மிகச் சிலர் மாத்திரம் செய்யும் தொழிலாயிருந்தது. இன்றோ பாடசாலையிலே மாணவன் செயற்றிட்டம் செய்கின்றான். பல்கலைக்கழகத்திலே ஆய்வேடு எழுதுகின்றான். கோயிலிலே கும்பாபிஷேக மலர் வெளிவருகின்றது. ஊரிலே ஊர் வரலாறு எழுதப்படுகின்றது. இவை யாவும் ஆராய்ச்சியின் வகைகளே. ஆராய்ச்சி ஊருக்குள் வந்துவிட்டது. அதற்குரிய ஒழுக்கமும் கூடவே வரவேண்டுமன்றோ?

ஒழுக்கம் எல்லாத் தொழிலுக்கும் வேண்டியதே. ஆயினும் ஆராய்ச்சிக்கு அது வேண்டப்படுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கடையிலே அரிசி வாங்குபவர் தராசைப் பார்க்கலாம். ஐயம் உண்டானால் வேறிடத்திலே நிறுத்தும் பார்க்கலாம். ஆராய்ச்சிக் கட்டுரையை வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. "நூறு பேரைக் கண்டு பேசினோம்" என்று எழுதினால் அவர் நம்புகின்றார். "இன்ன ஏட்டிலே இப்பாடம் உண்டு" என்று எழுதினால் அதனையும் நம்புகின்றார். அந்த நூறு பேரையும் தேடிச் செல்வதும், அந்த ஏட்டை எடுத்துப் பார்ப்பதும் அவரால் இயலாதவை. ஆகவே ஆராய்ச்சியிலே தராசாய் நிற்பது ஆராய்வோனுடைய ஒழுக்கமே. அது கோணினால் அதன்மேல் நிறுத்தவை யாவும் கோணும்.

ஆராய்ச்சியிலே நிகழும் பெருங் குற்றங்கள் மூன்று என்பர். ஒன்று, இல்லாத தரவை உண்டாக்குதல். இரண்டு, உள்ள தரவைத் திரித்தல். மூன்று, பிறர் கருத்தையும் எழுத்தையும் தமதாகக் காட்டுதல். ஐக்கிய அமெரிக்க அரசு 2000 ஆம் ஆண்டிலே வகுத்த விதியும் இம்மூன்றையே ஆராய்ச்சிக் குற்றமென வரையறுத்தது. நேர்மையாகச் செய்த பிழையும் கருத்து வேறுபாடும் குற்றமாகா என்றும் அவ்விதி தெளிவாகக் கூறுகின்றது. பிழை வேறு, பொய் வேறு என்னும் இவ்வேறுபாட்டை மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

முதலிலே பொய்யின் கதையொன்றைக் கூறுவோம். இங்கிலாந்திலே சசெக்ஸ் பகுதியிலே பில்டவுன் என்று ஓர் ஊர் உண்டு. சார்ள்ஸ் டோசன் என்னும் சட்டத்தரணி, பழம்பொருள் தேடுவதிலே ஆர்வமுள்ளவர், அங்கே ஒரு சரளைக்கற் குழியிலே பழைய மண்டையோட்டின் துண்டுகளையும் ஒரு தாடையெலும்பையும் கண்டெடுத்ததாகக் கூறினார். 1912 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, அவரும் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஆதர் சிமித் வூட்வேட் என்னும் அறிஞரும் அவற்றை இலண்டன் புவியியற் சங்கத்தின் முன் வைத்தனர். மண்டையோடு மனிதனுடையது போலவும் தாடை குரங்கினுடையது போலவும் இருந்தன. மனிதனுக்கும் குரங்குக்கும் நடுவே நின்ற மூதாதை இதோ இங்கிலாந்து மண்ணிலேயே அகப்பட்டுவிட்டான் என்று பலர் மகிழ்ந்தனர். 1938 ஆம் ஆண்டிலே அவ்விடத்திலே ஒரு நினைவுக் கல்லும் நாட்டப்பட்டது.

ஐயங்கொண்டோர் தொடக்கத்திலேயே இருந்தனர். தாடையும் மண்டையும் ஒரே உயிருக்குரியனவாகா என்று அவர்கள் சொன்னார்கள். ஆயினும் கேட்க விரும்பியதையே கேட்கும் செவிகள் அக்காலத்திலே மிகுதியாயிருந்தன. 1949 ஆம் ஆண்டிலே கெனத் ஓக்லி என்பவர் எலும்பிலே சேர்ந்துள்ள புளோரினை அளந்து பார்த்து, அவ்வெலும்புகள் சொல்லப்பட்ட அளவு பழமையானவை அல்ல என்று காட்டினார். 1953 ஆம் ஆண்டு நவம்பரிலே அவரும், யோசப் வைனர், லீ குறோஸ் கிளாக் என்போரும் முழு உண்மையையும் வெளியிட்டனர். தாடை ஒராங்குட்டான் குரங்கினுடையது. பற்கள் அரத்தினால் அராவப்பட்டிருந்தன. எலும்புகளுக்குப் பழமைத் தோற்றம் தருவதற்காகச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. டோசன் 1916 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். பொய்யோ அவருக்குப் பின்னும் 37 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது.

"ஓர் எலும்பைப் பற்றிய பொய், இதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கலாம். நட்டம் உண்டு. 1924 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவிலே டவுங் என்னுமிடத்திலே ஒரு குழந்தையின் மண்டையோடு கிடைத்தது. றேமன்ட் டாட் என்னும் இளம் அறிஞர் அதனை ஆராய்ந்து, இதுவே மனித குலத்தின் பழைய கிளை என்று 1925 ஆம் ஆண்டிலே எழுதினார். அது மெய்யான சான்று. ஆனால் அதன் தோற்றம் பில்டவுன் எலும்புகளுக்கு நேர்மாறாயிருந்தது. பொய் முன்னரே ஆசனத்திலே அமர்ந்திருந்தபடியால் மெய் வாசலிலே நிற்கவேண்டியதாயிற்று. டாட் கூறியது பரவலாக ஏற்கப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. ஆராய்ச்சியிலே பொய் சொல்பவன் தன் காலத்தவரை மாத்திரம் ஏமாற்றுவதில்லை. தனக்குப் பின்னே மெய்யோடு வரும் ஒருவனின் வழியையும் அடைத்துவிடுகின்றான் என்பது இதனால் விளங்கும்.

இது மேல்நாட்டார் குற்றமெனக் கருதி நாம் நிம்மதி கொள்ளலாகாது. அயல் நாடாகிய இந்தியாவிலே, இமயமலைப் பகுதியின் தொல்லுயிர்ச் சுவடுகளைப் பற்றி ஒரு பேராசிரியர் ஏறத்தாழ 25 ஆண்டுகளாக எழுதிக் குவித்த கட்டுரைகளை, 1989 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலிய அறிஞர் யோன் ரலன்ற் 'நேச்சர்' இதழிலே கேள்விக்குள்ளாக்கினார். இமயத்திலே எடுத்ததாகச் சொல்லப்பட்ட சுவடுகளிற் சில, மொறொக்கோ முதலிய தொலைநாடுகளிலே கிடைப்பனவற்றோடு ஒத்திருந்தன. அக்கட்டுரைகளிலே தம் பெயரையும் சேர்த்துக்கொள்ள இசைந்த அறிஞர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் சுவடு எடுத்த இடத்தை நேரிலே காணாதவர்கள். தாம் காணாத ஒன்றுக்குத் தம் பெயரைக் கடனாகக் கொடுப்பதும் ஒழுக்கக் குறைவேயென இளைஞர்கள் அறிந்துகொள்க. உறுதியிலே சாட்சிக் கையெழுத்து வைப்பவன் எழுதியவனைக் கண்ணாற் கண்டிருக்கவேண்டும் என்பது நமது ஊரிலே பாமரரும் அறிந்த நியாயமன்றோ?

நிற்க, எலும்பையும் கல்லையும் விட்டு மனிதரிடம் வருவோம். உயிருள்ள மனிதரை ஆராயுமிடத்து ஒழுக்கத்தின் பாரம் பன்மடங்காகின்றது. இங்கே பொய் சொல்லாமல் இருத்தல் மாத்திரம் போதாது. தீங்கு செய்யாமலும் இருத்தல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, மேக்கன் பகுதியிலே, 1932 ஆம் ஆண்டிலே அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதார சேவையினர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். டஸ்கீகி ஆராய்ச்சி என்பது அதன் பெயர். கறுப்பினத்தைச் சேர்ந்த ஏழை ஆண்கள் ஏறத்தாழ 600 பேர் அதிலே சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 399 பேருக்குச் சிபிலிசு என்னும் மேகநோய் இருந்தது. அவர்களுக்கு அந்நோயின் பெயர் சொல்லப்படவில்லை. "கெட்ட இரத்தம்" இருக்கின்றது, அதற்குச் சிகிச்சை தருகின்றோம் என்றே சொல்லப்பட்டது. உண்மையிலே நோக்கம் சிகிச்சையன்று. மருந்தில்லாமல் விட்டால் நோய் மனித உடம்பிலே எவ்வாறு முற்றும் என்று பார்த்துக் குறித்துக்கொள்வதே நோக்கம். முதுகந்தண்டிலே ஊசி ஏற்றி நீர் எடுக்கும் சோதனையையும் இலவசச் சிறப்புச் சிகிச்சை என்று சொல்லியே செய்தனர். இறந்தவர்களின் அடக்கச் செலவைக் கொடுத்து, அதற்கு ஈடாக உடலை அறுத்துப் பார்க்கும் அனுமதியைப் பெற்றனர்.

1947 ஆம் ஆண்டளவிலே பென்சிலின் அந்நோய்க்கு உரிய மருந்தென நிலைபெற்றுவிட்டது. அதன் பின்னரும் இம்மனிதர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. இன்னும் 25 ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தனர். இதிலே நம் நெஞ்சைச் சுடும் செய்தி வேறொன்று. இவ்வாராய்ச்சி இரகசியமாக நடைபெறவில்லை. அதன் பெறுபேறுகள் மருத்துவ சஞ்சிகைகளிலே அவ்வப்போது வெளிவந்தவண்ணம் இருந்தன. கற்றவர்கள் வாசித்தார்கள், அட்டவணையைப் பார்த்தார்கள், அட்டவணைக்குப் பின்னே இருந்த மனிதரை மிகப் பலர் பார்க்கவில்லை.

பார்த்தவர்களுள் ஒருவர் பீற்றர் பக்ஸ்டன். அவர் பேராசிரியரல்லர், பெரிய வைத்தியருமல்லர். அதே பொதுச் சுகாதார சேவையிலே, நோயாளரைக் கண்டு விசாரிக்கும் சாதாரண உத்தியோகத்தர். 1966 ஆம் ஆண்டிலே, முப்பது வயதும் நிரம்பாத அவ்விளைஞர், இது முறையன்று என்று தம் மேலதிகாரிகளுக்கு எழுதினார். பயன் இல்லை. 1968 ஆம் ஆண்டிலே மறுபடியும் எழுதினார். அப்போதும் பயன் இல்லை. ஈற்றிலே செய்தியாளரிடம் சென்றார். 1972 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. 1997 ஆம் ஆண்டிலே சனாதிபதி கிளின்ரன் தம் நாட்டின் சார்பிலே மன்னிப்புக் கோரினார். நாற்பது ஆண்டு நடந்த அநீதியை நிறுத்துவதற்கு வேண்டியிருந்தது பெரும் பட்டமன்று. கண்டதைக் கண்டதென்று சொல்லும் துணிவே. இதனை இளைஞர்கள் சிந்தித்தல் வேண்டும்.

இத்தகைய கொடுமைகளின் பயனாகவே இன்றைய விதிகள் பிறந்தன. இரண்டாம் உலகப் போரிலே சிறைமுகாம்களில் மனிதர்மேற் பரிசோதனை நடத்திய செருமானிய வைத்தியர் முதலிய 23 பேரை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம், 1947 ஆம் ஆண்டிலே பத்து விதிகளை வகுத்தது. ஆராயப்படுபவர் தம் மனமார இசையவேண்டும் என்பது அவற்றுள் முதல் விதி. 1964 ஆம் ஆண்டிலே உலக மருத்துவச் சங்கம் எல்சிங்கி நகரிலே தன் பிரகடனத்தை வெளியிட்டது. டஸ்கீகிச் செய்தி வெளியான பின்னர், 1979 ஆம் ஆண்டிலே பெல்மொன்ற் அறிக்கை அமெரிக்காவிலே எழுந்தது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி பேணல் என்னும் மூன்றை அது அடிப்படையாகக் கொண்டது. இன்று இலங்கையின் மருத்துவ பீடங்களிலும் நெறிமுறை மீளாய்வுக் குழுக்கள் உள்ளன. மனிதரைப் பற்றி ஆராயப் புகுபவர் முதலில் அக்குழுவின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

இது நமது மண்ணுக்கு நெருங்கிய விடயம். 2004 ஆம் ஆண்டு டிசெம்பரிலே கடற்கோள் நமது கரையோர ஊர்களை அழித்தபோது, உதவி செய்ய வந்தவர்களோடு வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இருந்தனர். அனுமதியும் ஒழுங்கும் இன்றி நடந்த அவ்வாராய்ச்சிகளைப் பற்றி நமது நாட்டு மருத்துவ அறிஞர்களே கவலையோடு எழுதியுள்ளனர். பிள்ளையை இழந்த தாயிடம் போய், "அந்நேரம் உமக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரையுள்ள எண்களுள் ஒன்றைச் சொல்லும்படி கேட்பது எளிது. அவள் அழத் தொடங்கும்போது என்ன செய்வதென்று அறியாமல், கடதாசியை மடித்துக்கொண்டு எழுந்து செல்வதும் எளிது. அவளுக்கு என்ன விட்டுச் சென்றோம் என்று கேட்பதே ஒழுக்கம்.

ஆகவே, ஊருக்குள்ளே தகவல் சேகரிக்கச் செல்லும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது. முதலில் நீர் யார், எதற்காகக் கேட்கின்றீர் என்பதை விளங்கச் சொல்லும். "விருப்பமில்லாவிட்டால் சொல்லவேண்டாம் அம்மா" என்று வாய்திறந்து கூறும். கிராம அலுவலரோ அதிபரோ பக்கத்திலே நின்றால், ஏழை மனிதர் மறுக்க அஞ்சுவார் என்பதை நினைவிற் கொள்ளும். கேட்டறிந்த பெயர்களைச் சந்தியிலே பேசாதிரும். சிறிய ஊரிலே பெயரை மறைத்தாலும், "வடக்கு வீதியிலுள்ள கடைக்காரர்" என்று எழுதினால் எல்லார்க்கும் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். எழுதி முடித்தபின் அம்மக்களிடம் மீண்டும் சென்று, "நீங்கள் சொன்னதைக் கொண்டு நாம் அறிந்தது இது" என்று சொல்லும். வாங்கிய சொல்லுக்கும் கடன் உண்டு.

இனி நமது முன்னோரிடம் செல்வோம். பிறர் நூலுக்குக் கடன்பட்டதைச் சொல்லும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்ததெனச் சிலர் கருதுகின்றனர். நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுத்தவர் நம்மவர். சிறப்புப்பாயிரத்திலே கூறவேண்டியன எட்டு என வகுத்தபோது, ஆக்கியோன் பெயருக்கு அடுத்து 'வழி' என்பதையும் வைத்தனர். இந்நூல் எதன் வழியே வந்தது என்று சொல்லாத நூலுக்குப் பாயிரம் நிரம்பாது. இன்று நாம் உசாத்துணை என்று கூறுவதன் மூதாதை இந்த 'வழி'யே.

அதன் பயனுக்கு ஓர் உதாரணம் நமது யாழ்ப்பாணத்திலேயே உண்டு. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலே மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்னும் நூல்களைக் கொண்டு எழுதப்பட்டதென்று அதன் பாயிரம் கூறுகின்றது. இவற்றுள் உலாவும் இராசமுறையும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அப்படி இரு நூல்கள் இருந்தன என்பதை நாம் அறிவதற்குப் பெருந்துணை, புலவர் வழி சொன்னமையேயாம். மூலத்தின் பெயரைச் சொல்வது பிறருக்கு மரியாதை செய்தல் மாத்திரமன்று; அழிந்துபோவதை நினைவிலே காத்தலுமாகும். வைபவமாலையின் கூற்றுக்களைச் சுவாமி ஞானப்பிரகாசர் 1928 ஆம் ஆண்டிலே தமது யாழ்ப்பாண வைபவ விமரிசனத்திலே ஒவ்வொன்றாய் ஆராய்ந்தார். அவ்வாறு மறுத்தும் உடன்பட்டும் ஆராய இடமளிப்பதே வழி சொன்ன நூலின் சிறப்பு.

ஏடுகளை அச்சேற்றிய பெரியார்களின் ஒழுக்கமும் இத்தகையதே. சிறுப்பிட்டியிலே 1832 ஆம் ஆண்டிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும், சூளாமணியை 1889 இலும் பதிப்பித்தார். அவர் சைவர். வீரசோழியம் செய்த புத்தமித்திரனார் பௌத்தர். சூளாமணி சமண காவியம். தம் சமயத்து நூலல்ல என்பதற்காக அவர் ஓர் ஏட்டையும் செல்லுக்கு இரையாக விடவில்லை. ஏடுகள் கிடைத்த நிலையையும், அவற்றிலே கண்ட சிதைவுகளையும் பதிப்புரைகளிலே ஒளிக்காமல் எழுதினார்.

உ. வே. சாமிநாதையர் அவர்களும் 1887 ஆம் ஆண்டிலே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதன் சமணக் கொள்கைகளைத் தாமாக ஊகித்து எழுதவில்லை. கும்பகோணத்திலே வாழ்ந்த சமணர்களிடமே சென்று கேட்டறிந்தார். 1898 ஆம் ஆண்டிலே மணிமேகலையை வெளியிடுமுன் பௌத்தக் கருத்துக்களை அறிந்தாரிடம் பயின்றார். ஏடுகள் உதவியவர்களின் பெயர்களை நன்றியோடு குறித்தார், பிரதிபேதங்களையும் காட்டினார். தமக்குப் பிடித்த பாடத்தை மாத்திரம் அச்சிட்டு மற்றையவற்றை மறைத்திருந்தால் அவரைத் தடுப்பார் யார்? ஏடு அவர் கையிலே இருந்தது. வாசகர் கையிலே இல்லை. ஒருவரும் காணாத இடத்திலே நேர்மையாய் நடப்பதே ஆராய்ச்சி ஒழுக்கம்.

இப்பொழுது, முன்னர்க் குறித்த பிழைக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். தாமோதரம்பிள்ளை அவர்கள் பொருளதிகாரத்தை வெளியிட்டபோது உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்றே பதிப்பித்தார். பின்னர், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, இரா. இராகவையங்கார் அவர்கள் இறுதிப் பகுதியிலுள்ள இயல்களின் உரை பேராசிரியருடையது என்று காட்டினார். அறிஞர் ஏற்றுக்கொண்டனர். இதனாற் பிள்ளையவர்களின் புகழ் ஓரணுவும் குறையவில்லை. ஏன்? அவர் கண்டதைக் கண்டபடி வைத்தார். அவர் வைத்ததைக் கொண்டே பின்வந்தவர் திருத்த முடிந்தது. நேர்மையான பிழை தன்னைத் திருத்துவதற்குரிய கருவியையும் தன்னுடனே கொண்டுவருகின்றது. பொய்யோ அக்கருவியை முதலிலே ஒளித்துவைக்கின்றது.

நம் காலத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2018 ஆம் ஆண்டிலே இரசாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர் பிரான்செஸ் ஆனல்ட் என்னும் அம்மையார். அவரும் உடனாய்வாளரும் 2019 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஒரு கட்டுரையின் பெறுபேறுகள் மறுபடியும் செய்து பார்த்தபோது வரவில்லை. ஆய்வுக் குறிப்பேட்டிலும் வேண்டிய பதிவுகள் இல்லை. 2020 ஆம் ஆண்டு சனவரியிலே அம்மையார் அக்கட்டுரையை மீளப்பெற்றுக்கொள்வதாக உலகறிய அறிவித்தார். தாம் அவ்வேலையிலே போதிய கவனம் செலுத்தவில்லை என்பதையும் தாமே கூறினார். உலகம் அவரை இகழவில்லை, மதித்தது. இளைஞர்களே, அங்கே குறையாய் நின்றது ஒரு குறிப்பேடு என்பதைக் கவனியுங்கள். அன்றன்று கண்டதை அன்றன்றே, திகதியிட்டு, அழியாத மையினால் எழுதிவைப்பது சிறு வேலையன்று.

எழுதியதைக் காப்பதும் கடமையே. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது 97,000 வரையான நூல்களும், மறுபிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. ஒரே பிரதியாய் இருந்தவை ஒரே இரவிலே போயின. அவ்வடுவைச் சுமந்த சமுதாயம் பிரதி எடுத்துவைப்பதன் அருமையை எவரிடமும் கற்கவேண்டியதில்லை. 2005 ஆம் ஆண்டு முதல் இளைஞர் பலர் சேர்ந்து 'நூலகம்' என்னும் பெயரால் ஈழத்து நூல்களையும் மலர்களையும் மின்வடிவிலே காத்துவருவது போற்றத்தக்கது. நீங்கள் சேகரிக்கும் பேட்டியையும் படத்தையும் உங்கள் பெட்டியிலே பூட்டிவைக்காதீர்கள். தந்தவரின் அனுமதியோடு பொதுவிலே வையுங்கள்.

இக்காலத்துக்கே உரிய ஒரு சோதனையையும் சொல்லவேண்டும். இணையத்திலிருந்து பக்கம் பக்கமாகப் பெயர்த்தெடுத்து ஒப்படை எழுதுவது நெடுநாளைய நோய். இப்பொழுது கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் வந்துள்ளன. அவை சில வேளைகளில் இல்லாத நூலுக்குப் பெயரும், இல்லாத ஆசிரியருக்கு ஆண்டும் உண்டாக்கி உசாத்துணையாகத் தந்துவிடுகின்றன. கருவியைப் பயன்படுத்துவது குற்றமென்று நாம் கூறவில்லை. பயன்படுத்தியதை மறைப்பதும், தாம் வாசியாத நூலை வாசித்ததாகக் காட்டுவதுமே குற்றம். பொறி சொன்ன பொய்க்குப் பொறி பொறுப்பேற்காது. கீழே பெயர் எழுதியவரே பொறுப்பு.

இவ்வளவும் இளைஞர்க்குச் சொன்னோம். பெரியோர்களுக்கும் பணிவோடு ஒன்று கூறவேண்டும். பிள்ளை ஆராய்ச்சி செய்கின்றான் என்றால் நாம் கேட்பதென்ன? "எப்போது முடியும்? எப்போது கலாநிதிப் பட்டம்?" இவற்றையே கேட்கின்றோம். "என்ன கண்டாய்? அது மெய்யென்று எப்படித் தெரியும்?" என்று கேட்பார் அரியர். பட்டத்தை மாத்திரம் எதிர்பார்க்கும் வீடு, குறுக்கு வழியைத் தேடும்படி பிள்ளையைத் தள்ளுகின்றது.

அன்றியும், கோயில் மலருக்கு வரலாறு எழுத ஓர் இளைஞனைப் பிடிக்கின்றோம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பையும், பழைய உறுதிகளையும், கல்வெட்டையும் பார்த்து, "இக்கோயிலுக்கு இருநூறு ஆண்டுச் சான்று கிடைக்கின்றது" என்று அவன் எழுதிக்கொண்டு வருகின்றான் என்று வைத்துக்கொள்வோம். "அயலூர்க் கோயிலுக்கு எண்ணூறு என்று போட்டிருக்கின்றார்கள், நீ ஆயிரம் என்று போடு தம்பி" என்று சொல்வோமாயின், அவ்விளைஞனுக்கு நாம் கற்பிப்பது என்ன? தெய்வத்தின் பெருமை ஆண்டுக் கணக்கிலே தங்கியிருக்கவில்லை. செவிவழிக் கதை செவிவழிக் கதையென்றே எழுதப்படட்டும். அதற்கும் மதிப்பு உண்டு. சான்றுள்ளது சான்றோடு எழுதப்படட்டும். இரண்டையும் கலந்தால் நாளை வருகின்ற பிள்ளை இரண்டையும் நம்பமாட்டான். மெய்யான இருநூறும் பொய்யான எண்ணூற்றோடு சேர்ந்தே போய்விடும்.

முடிவாக, இச்சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு சங்க இளைஞர்கள் ஊர் முதியோரின் நினைவுகளைச் சேகரிக்கும் ஒரு பணியைத் தொடங்கலாம். யார் சொன்னார், எந்நாளிற் சொன்னார், யார் எழுதினார் என்பவற்றை ஒவ்வொரு பக்கத்திலும் குறித்துவைப்பீராக. சொன்னவரின் இசைவைப் பெறுவீராக. எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக்காட்டி, அவர் திருத்தியதையும் குறிப்பீராக. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுவீராக. ஒரு பிரதியைச் சங்கத்திலும் மற்றொன்றை வேறிடத்திலும் வைப்பீராக. இவ்வைந்தையும் ஓராண்டு தவறாமற் செய்யும் இளைஞனுக்கு ஆராய்ச்சி ஒழுக்கத்தைப் பல்கலைக்கழகத்திலே புதிதாகக் கற்பிக்கவேண்டிய அவசியம் இராது.

நாம் எழுதுவதை வாசிக்கப்போகின்றவர்களிற் பலர் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் நம்மை வந்து கேள்வி கேட்க முடியாது; நாம் எழுதிவைத்ததை நம்பவே முடியும். அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையவர்களாக இச்சங்கத்து இளைஞர்கள் வாழ்வார்களாக.